உப்புக் காற்றில் கார் ஓட்டுபவர் என்ன தேடுவார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று கண்ணில்படும். அங்கே உப்பு வியாபாரம் செய்யும் ஒருவர், பல வருடச் சேமிப்பில் குடும்பத்துக்கு முதல் கார் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனம், புதுச்சேரி ஷோரூம்களின் இணையதளங்களை செல்போனில் திறக்கிறார். எங்கே பார்த்தாலும் 'அசத்தலான தோற்றம், அபார மைலேஜ்' என்ற ஒரே பாட்டு. கம்பெனி கொடுத்த விளம்பர வாசகத்தை ஆளாளுக்கு அப்படியே ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

இதில் ஷோரூமுக்கும் நஷ்டம்தான். ஒரே எழுத்து பல தளங்களில் இருந்தால், கூகுள் பெரும்பாலும் அதில் ஒன்றை மட்டுமே முன்னால் காட்டும். மற்றவை பின்னால் போய்விடும்.

அப்படியானால் புதிதாக என்ன எழுதுவது? வாங்க வருபவரின் கேள்விகளை எழுதினாலே போதும்.

முதல் கேள்வி, துரு. ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும். அடிப்பாகத்திலும் சைலன்ஸரிலும் அரிப்பு தொடங்கியிருக்கும். அடிப்பாகத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்? துருத் தடுப்புப் பூச்சுக்கு என்ன செலவு? வாரன்ட்டியில் துரு சேருமா?

இரண்டாவது, 'பக்கத்தில்தானே புதுச்சேரி, வரி குறைவாமே, அங்கேயே ரிஜிஸ்டர் பண்ணலாமா?' மோட்டார் வாகனச் சட்டப்படி, வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், அதாவது வண்டி வழக்கமாக நிற்கும் இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் பதிவு அலுவலகம் ஒன்றில்தான் பதிய வேண்டும். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு அவசியம். இதை நேர்மையாகச் சொல்லும் பக்கத்தை யாரும் மறக்க மாட்டார்கள்.

மூன்றாவது, வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இந்தப் பகுதியை மழையில் மூழ்கடித்தது. தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. செய்தால் இன்ஜின் போய்விடலாம், இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம். பழைய கார் விற்பவர்கள், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துச் சேற்றுக் கறை பார்க்கும் வழியையும் எழுதலாம். மூழ்கிய வண்டியை விற்றால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டிலிருந்தபடி இந்த எழுத்து வேலையைச் செய்யும் பெண்கள் இப்போது நிறைய பேர். விளம்பர வாசகத்தை ஏஐ நொடியில் எழுதித் தந்துவிடும். ஆனால், ஷோரூம் மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் பேசி, 'கடலோரத்து வண்டி எதுக்குண்ணே அடிக்கடி சர்வீஸுக்கு வருது?' என்று கேட்டு எழுதுவது அவர்களால்தான் முடியும். அதற்குத் தனிக் கூலி கேட்பதிலும் தவறில்லை.

உண்மையை எழுதினால் ஒரு வண்டி விற்காமல் போகலாம். ஆனால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு தப்பிக்கும். அந்தக் குடும்பம் அடுத்த காருக்கு வேறு ஷோரூம் தேடாது.