அரிசிச் சாராயமும் பசுமைப் பேச்சும்

பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எரிசாராயம் கலக்கும் திட்டம் 2025-ல் நிறைவேறிவிட்டது. முன்பு கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்ததை இன்று பெரும்பாலும் மக்காச்சோளத்திலும் அரிசியிலும் வடிக்கிறார்கள். காற்று சுத்தமாகும், அந்நிய எண்ணெய்க்குப் பணம் போகாது, குடியானவனுக்கு விலை கிடைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

மக்காச்சோளத்துக்கு விலை ஏறியது மெய்யே. ஆனால் பசுமை என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் கணக்குப் பார்க்க வேண்டாமா? பயிர் இழுத்த கரிவாயுவைத்தான் சாராயம் எரியும்போது விடுகிறதாம், சரி. யூரியாவுக்குச் செலவான எரிவாயுவும், பம்பு செட்டு மின்சாரமும், வடிகலத்தின் கீழ் எரியும் நிலக்கரியும் எந்தக் கணக்கில் சேரும்? நீர் தேங்கிய நெல்வயல் மீதேன் வாயுவை வேறு விடுகிறது. ஒரு லிட்டர் சாராயத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி வேண்டும். அதன் சக்தியோ பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்த அரிசிக்குத் தண்ணீர் என்ன பாடு என்பதை ஆய்க்குடி மடையில் முறைக்குக் காத்து நிற்கும் தோழரைக் கேட்டால் சொல்வார்.

நிற்க, 2023 ஜூனில் கர்நாடக சர்க்கார் ஏழைகளுக்காக அரிசியை விலைக்குக் கேட்டது. மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு விற்பதையே நிறுத்திற்று. சாராய ஆலைக்கோ அப்போதும் அரிசி போய்க்கொண்டிருந்தது! ஜூலையில் அதையும் நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். 2025 ஜனவரியில் ஆலைக்கு விலையைக் கிலோ 28 ரூபாயிலிருந்து 22.50 ஆகக் குறைத்தார்கள். உணவுக் கழகத்தின் அடக்க விலை அதைவிட மிக அதிகம்.

புழுத்த தானியத்தையும் வைக்கோலையும் வடிக்கட்டும். வைக்கோலுக்கென்றே 2022-ல் பானிப்பட்டில் ஆலை திறந்தார்களே! உண்ணத்தக்க அரிசியை நஷ்டத்துக்கு ஆலைக்குத் தள்ளுவதை உடனே நிறுத்த வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.