கம்பிதானே என்று நினைக்காதே!

"ஹை-ஸ்பீடு லிங்க் டிசைன் என்ஜினீயரா? அதெல்லாம் ஐ.ஐ.டி.காரன் வேலைடா. நமக்கு சர்வீஸ் சென்டர் போதும்!" நம் ஹாஸ்டல் வராந்தாவில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், நண்பர்களே!

அது என்ன வேலை? ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்கு விநாடிக்கு 10 ஜிகாபிட், அதாவது 1000 கோடி பிட்டுகளை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 100 பிகோ செகண்ட். சர்க்யூட் போர்டில் சிக்னல் ஒரு நானோ செகண்டில் சுமார் 15 செ.மீ.தான் ஓடும். ஆக, ஒரு பிட்டின் நீளம் ஒன்றரை செ.மீ.! 15 செ.மீ. டிராக்கில் ஒரே நேரத்தில் பத்து பிட்டுகள் ரயில் பெட்டி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

வழியில் இம்பீடன்ஸ் 50 ஓமிலிருந்து 75 ஓமாக மாறினால், வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். உயர் அதிர்வெண்களை போர்டு அதிகமாக விழுங்கும். ஒரு பிட்டின் வால் அடுத்த பிட்டின் தலையில் விழும். ஸ்கோப்பில் 'ஐ டயகிராம்' கண்ணை மூடிக்கொள்ளும். எந்தக் கனெக்டர், எவ்வளவு நீளம், எந்த போர்டு, எப்படிப்பட்ட ஈக்வலைசர் என்று கணக்குப் போட்டு அந்தக் கண்ணைத் திறப்பவரே சிஸ்டம் டிசைன் என்ஜினீயர். லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு தவறு என்றாலும், இந்த வேகத்தில் 100 விநாடிக்கு ஒரு தவறு வந்துவிடும்!

இதற்கெல்லாம் அடிப்படை எது? "சாய்ஸ்ல விட்டுடலாம் மச்சி" என்று நாம் தள்ளிவிடும் டிரான்ஸ்மிஷன் லைன் பாடம்தான்!

1858-ல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பியில் விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. அங்கும் இதே நோய்தான்; ஒரு துடிப்பு அடுத்ததன் மேல் வழிந்தது. கம்பியில் சிக்னல் சிதையாமல் போக என்ன வேண்டும் என்று 1887-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆலிவர் ஹெவிசைடு. 16 வயதில் படிப்பை நிறுத்தியவர், தந்தி ஆபரேட்டராக இருந்தவர், கல்லூரிப் பக்கமே போகாதவர்! அவருக்கு இல்லாத பட்டத்தைக் காட்டி நாம் ஏன் பயப்பட வேண்டும்?

"கம்பெனிக்காரன் டிகிரி கேக்கறானே?" கேட்கிறான்தான். அதற்கு லேட்டரல் என்ட்ரி இருக்கிறது. போர்டு லேஅவுட், டெஸ்டிங் வழியாக உள்ளே போகவும் இடமுண்டு. ஆனால் அடிப்படை தெரியாதவனுக்கு எந்தக் கதவும் திறக்காது.

எனவே என் கோரிக்கை இரண்டு. மாணவர் மன்றம் லேபில் கூடுதல் நேரம் கேட்டு வாங்க வேண்டும். நாமும் 10 மீட்டர் கோஆக்ஸியல் கேபிளின் ஒரு முனையில் பல்ஸ் கொடுத்து, மறுமுனையைத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். சுமார் 100 நானோ செகண்டில் எதிரொலி திரும்பி வரும். முனையில் 50 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், எதிரொலி ஓடிப்போகும்!

ரெக்கார்டு நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தவனுக்கு இது புரியாது. கையால் செய்தவன் மறக்க மாட்டான்!