ஒரு கால் மட்டும் வீங்கினால்



மாலையில் ஆம்பூர் ஷூ கம்பெனிகள் விடும் நேரம், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களின் புறங்காலில் செருப்பு வார் அழுந்திய தடம் தெரியும். பகலெல்லாம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்த கால்கள். இரண்டு காலும் லேசாக வீங்கியிருந்தால் ராத்திரி படுத்து எழுந்ததும் பெரும்பாலும் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் விஷயம் வேறு. காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

இது மேலை நாட்டார் நோய், நம்மவர்களுக்கு அபூர்வம் என்று மருத்துவ உலகமே வெகுகாலம் நினைத்திருந்தது. அந்த எண்ணத்தை அசைத்த கணக்குகளில் ஒன்று நம் வேலூரில் எடுத்தது. 1996 முதல் 2005 வரை சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் பதிவேடுகளை அங்குள்ள மருத்துவர்கள் அலசினார்கள். பத்தாயிரம் பேரில் சுமார் 17 பேருக்கு இந்த உறைவு உறுதியாகியிருந்தது. அவர்களில் பலர் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களே அல்ல. இதுவும் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கணக்கு மட்டும்தான். வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தவர்கள் இதில் இல்லை.

எனக்குப் பெரிய கவலை பச்சை உடம்புக்காரிகளைப் பற்றித்தான். பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரங்களில் ரத்தம் எளிதில் உறையும். அந்த நேரத்தில் தண்ணீரைக் குறைத்து, எழுந்து நடமாட விடாமல் படுக்க வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டிமார்களே, தயவுசெய்து தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். மருத்துவர் அனுமதித்ததும் நடக்க விடுங்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

வீங்கிய காலை யானைக்கால் என்றோ சுளுக்கு என்றோ நினைத்து உருவிவிடாதீர்கள். உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

நல்ல செய்தி, இதற்கு மருந்து உண்டு. டாப்ளர் ஸ்கேனில் வலியில்லாமல் கண்டுபிடித்துவிடலாம். பிறகு ஹெப்பாரின் ஊசி, மாத்திரை. இவை கட்டி மேலும் வளராமல் தடுக்கும். உடம்பு அதை மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். குறைந்தது மூன்று மாதம் மருந்தை விடக் கூடாது. வீக்கம் வடிந்ததுமே நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அந்த எண் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரை இந்த மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும் என்றாலும் அதை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் கணக்கு குழம்பும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் கூடாது, ரத்தக்கசிவு வரலாம். ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை கம்பெனிக்காரர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: லைனில் இருக்கும் பெண்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடக்கவும், தண்ணீர் குடிக்கவும், தயங்காமல் கழிப்பறைக்குப் போய்வரவும் விடுங்கள்.