காட்சிச்சாலையும் நம் அவசரமும்

சென்னை நகரத்தார் எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலைக்கு முன்னாளில் வழங்கிய பெயர் 'செத்த காலேஜ்' என்பது. உயிருள்ள விலங்குகளை வைத்திருந்த இடம் 'உயிர்க் காலேஜ்' எனப்பட்டது. 1851ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அச்சாலையில் உள்ளவை செத்தவையா, காணச் செல்லும் நாம் செத்தவரா என்னும் ஐயம் சென்ற கோடை விடுமுறையில் எனக்கு உண்டாயிற்று.

எங்கள் குடும்பத்தார் ஒன்பதின்மர் மெரீனாக் கடற்கரையினின்று நேரே அங்குச் சென்றோம். பிற்பகல் தியாகராய நகரில் துணி வாங்குதல். இரவில் ஊருக்குப் புகைவண்டி. இடையே ஒன்றரை மணி நேரம் கலைக்கென ஒதுக்கப்பட்டது! தந்தையார் கடிகாரத்தை நோக்கியவண்ணம் முன்னே நடந்தார். அத்தையார் தண்ணீரும் முறுக்குப் பொட்டலமும் சுமந்து பின்னே வந்தார். சிறுவர் இருவரும் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டாலன்றி நகரோம் என்று அடம்பிடித்தனர். அமராவதிச் சிற்பங்களைக் கடந்தோம் என்னலாம்; கண்டோம் என்பது பொய்யாகும். "கைப்பேசியிற் படம் பிடித்தாயிற்று, வீட்டிற் பார்த்துக்கொள்ளலாம், நடங்கள்" என்றார் தந்தையார். அப்படங்களை இன்றுவரை ஒருவரும் பார்த்திலர்.

செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்தில், திருவாலங்காட்டு நடராசர் முன் யான் நின்றுவிட்டேன். மெழுகினால் உருவஞ் சமைத்து, அதன்மேல் மண் பூசி, நெருப்பிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்தாலன்றி உருவம் வெளிப்படாது. வார்ப்புப் பிழைத்தால் மெழுகினின்றே மீண்டும் தொடங்க வேண்டும். இத்துணைப் பொறுமையால் விளைந்ததனை நாம் பத்து நொடியிற் கடக்கின்றோம்.

"விக்கிரகத்தின் முன்னே நிற்கிறாயே, தம்பி! நேரமாகிறது" என்றார் அத்தையார். அவர் குரலில் அவசரம் பாதி, அச்சம் பாதி. கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளை அங்ஙனம் நிற்றல் தகுமோ என்பது அவர் கருத்து. யான் வணங்க நின்றேனல்லேன். ஆயினும் பிறர் நெஞ்சுருகித் தொழுத ஒன்றை வெறும் உலோகமென்று எண்ணவும் மனம் ஒப்பவில்லை. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்ட போப் ஐயர் கிறிஸ்தவக் குருவே அன்றோ? அவர் பொறுமையுடன் கற்ற நூலை யானும் பாடமாகக் கற்கின்றேன். அந்நூல் பாடும் கூத்தனின் உருவத்தைக் கண்ணெடுத்துப் பாராமற் போவேனாயின், யான் கற்பது தமிழோ, தேர்வுக்குரிய வினாவிடையோ?

'செலவு செய்து வந்தோம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?' என்பர். சில ஆண்டுகட்கு ஒருமுறை நகரம் காணும் குடும்பத்தார் அங்ஙனம் கூறுதலில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இலையிலுள்ள ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு எழுபவன் விருந்துண்டவன் ஆகான். வீட்டினின்று புறப்படுமுன்பே ஒரு கூடத்தைத் தெரிந்துகொள்க; அதனை மட்டும் காண்க; எஞ்சியவை அடுத்த கோடைக்கு இருக்கட்டும். சிறுவர் விரும்பியதை முதலிற் காட்டுக. அன்று எங்களுள் உண்மையாகக் கண்டவர் அச்சிறுவரே. திமிங்கிலத்தின் அருகே கால் மணி நேரம் நின்று விலா எலும்புகளை எண்ணினர். எண்ணிக்கை பிசகவே மீண்டும் எண்ணினர். அதற்காக அவர்கள் பெற்றது வசையே.

இரவு வண்டியில் அனைவரும் உறங்கிய பின்னர் அத்தையார் மெல்ல வினவினார்: "அந்தச் சிலையில் தூக்கிய காலைக் காட்டும் கை எது, தம்பி? இடக்கைதானே?"

"ஆம் அத்தை, இடக்கைதான்" என்றேன்.