விலை கொடுத்தவர் குடியாளா?

பொன்முடித் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். குடியிருக்கும் வீடு கம்பெனியுடையது. வேலை உள்ளவரைதான் கூரை. அவர்கள் அவ்வீட்டை விலைக்கு வாங்கியவர்கள் அல்லர். ஆனால், பல்லாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு வீடியோ கேம் கருவியை வாங்கியவரையும் லயத்துக் குடியாளாகவே நடத்த முடியும் என்பதைப் பன்னாட்டு நிறுவனங்கள் இன்று மெய்ப்பித்து வருகின்றன.

2025 மே மாதம் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, அமெரிக்கப் பயனர்களுக்கான தன் ஒப்பந்தத்தைத் திருத்தியது. கருவியின் பூட்டை உடைத்தாலோ, அனுமதியற்ற மென்பொருளை இயக்கினாலோ, அக்கருவியை முழுமையாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் அதிகாரத்தைத் தனக்குத் தானே வழங்கிக்கொண்டது. குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் தண்டனையை நிறைவேற்றுபவரும் ஒருவரே. விளையாட்டுச் சாமானுக்கு ஒரு தலையங்கமா என்று தோழர்கள் சிலர் வினவக்கூடும். இதே பூட்டுத்தான் டிராக்டரிலும் இருக்கிறது. விவசாயிகள் தம் டிராக்டரைத் தாமே பழுதுபார்க்க இயலாதபடி செய்ததாக ஜான் டியர் நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே 2025 ஜனவரியில் வழக்குத் தொடுக்க நேர்ந்தது.

சோனியின் கதை இன்னும் தெளிவானது. பிளேஸ்டேஷன் 3 கருவியை 2006இல் விற்கத் தொடங்கியபோது, அதில் லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவலாம் என்பது அதன் சிறப்பாகக் கூறப்பட்டது. அமெரிக்க விமானப்படை ஆய்வகம் ஏறத்தாழ 1,760 கருவிகளை இணைத்து ஒரு மீக்கணினியையே அமைத்தது. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் அதன் காவலில் ஒரு துளையைக் கண்டதாக அறிவித்தார். உடனே பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஏப்ரல் 1 அன்று வெளியிட்ட புதுப்பிப்பின் வழியே அந்த வசதியையே சோனி பறித்துக்கொண்டது. புதுப்பிக்க மறுத்தவர்க்கு இணையவழி விளையாட்டு மறுக்கப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் கூடிய நிரலாளர்கள் சிலர் சோனியின் பூட்டு எத்தகையது என்று காட்டினர். ஒவ்வொரு முறை கையொப்பமிடும்போதும் புதிய தற்செயல் எண்ணைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில், அந்நிறுவனம் எப்போதும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. இரண்டு கையொப்பங்களை எடுத்துக்கொண்டு எளிய இயற்கணிதம் போட்டால் இரகசியச் சாவி கைக்கு வந்துவிடும்! சாவியை வெளியிட்ட ஹாட்ஸ் மீது 2011 ஜனவரியில் வழக்குப் பாய்ந்தது. ஏப்ரலில் சமரசத்தில் முடிந்தது. விற்ற பொருளிலிருந்து ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்கள் மீது எந்தக் காவல் நிலையமும் திருட்டு வழக்குப் பதியவில்லை.

நீதிமன்றங்கள் எப்போதும் நிறுவனங்களின் பக்கமே நின்றன என்று கூறவும் முடியாது. கருவியில் மாற்றுச் சில்லு பொருத்திய ஒருவரை எதிர்த்து சோனி தொடுத்த வழக்கில், 2005இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் சோனியின் வாதத்தை ஏற்க மறுத்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஆஸ்திரேலியா அமெரிக்காவுடன் தாராள வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. அதற்கேற்ப 2006இல் சட்டமே கடுமையாக்கப்பட்டது. நீதிமன்றத்தில் தோற்றதை வர்த்தகப் பேச்சுவார்த்தை மேசையில் மீட்டுக்கொள்ளும் இந்த வித்தையை நாம் நன்கு கவனிக்க வேண்டும்.

ஏனெனில் அடுத்த மேசையில் அமர்ந்திருப்பது இந்தியா. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்போர்க்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆயினும் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்திருந்தால்தான் அது குற்றம். சட்டம் தடுக்காத வேறு காரியத்துக்காக உடைப்பதையும், பாதுகாப்புச் சோதனையையும், மறையாக்க ஆய்வையும் அது விலக்கி வைத்துள்ளது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய பொது நிபந்தனை இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குக் கேட்டுக் கையேந்த வேண்டும். கேம் கருவியின் பழுதான வட்டு இயக்கியை மாற்றுவதற்காகப் பூட்டைத் திறக்கலாம் என்ற சிறு சலுகையே அங்கு 2021இல்தான் கிடைத்தது. சென்னை ரிச்சி தெருவில் சாலிடரிங் கருவியோடு அமர்ந்து பிறர் தூக்கியெறிந்ததை உயிர்ப்பிக்கும் தொழிலாளியைக் காப்பது ‘நோக்கம்’ என்ற அந்த ஒரு சொல்லே. அறிவுசார் சொத்துரிமை குறித்த தன் அறிக்கையில் இந்தியாவை ஆண்டுதோறும் முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து மிரட்டிவரும் வாஷிங்டனுக்கு இத்தகைய சொற்கள் உவப்பானவை அல்ல.

இதனால் பூட்டுடைப்போர் அனைவரும் புரட்சியாளர்கள் என்று நாம் கூறவில்லை. பிறர் உழைத்து உருவாக்கிய விளையாட்டுகளைத் திருட்டு நகலில் இயக்குவதற்கான கருவிகளை விற்றுப் பணம் பண்ணிய கும்பல்களும் உண்டு. விளையாட்டுகளை உருவாக்குவோரும் தொழிலாளர்களே. நீண்ட வேலைநேரத்திலும் திடீர் ஆட்குறைப்பிலும் வதைபடுவோரே. ஆயினும், அத்தகைய கும்பல் ஒன்றின் விற்பனைப் பணியில் இருந்த கேரி பவுசருக்கு 2022இல் 40 மாதச் சிறையும், நிண்டெண்டோவுக்கு மொத்தம் 1 கோடியே 45 லட்சம் டாலர் கடனும் விதிக்கப்பட்டது நீதியின் அளவுகோலால் அன்று, பிறரை அச்சுறுத்தும் அளவுகோலால்.

மாற்று வழி நமக்குப் புதிதன்று. பொன்முடியிலிருந்து மலையிறங்கினால் வரும் திருவனந்தபுரத்தில்தான் 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகள் கட்டற்ற மென்பொருளிலேயே இயங்குகின்றன. தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளையும் அதனைப் பிரித்துப் பார்த்துத் திருத்திக் கற்க எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டியதில்லை. ஒன்றிய அரசு 2022இல் அமைத்த பழுதுபார்க்கும் உரிமைக் குழுவோ வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகளைப் பெயரிட்டது. ஆனால் அவ்வுரிமை தனிச் சட்டமாக இன்னும் வடிவம் பெறவில்லை. விற்ற பொருளைத் தொலைவிலிருந்து முடக்குவதைத் தடைசெய்யும் விதியோடு அச்சட்டம் வர வேண்டும். 65ஏ பிரிவில் உள்ள நோக்கம் குறித்த நிபந்தனையை எந்த வர்த்தக ஒப்பந்தத்துக்காகவும் கைவிடக் கூடாது. இவ்விரு கோரிக்கைகளையும் பழுதுபார்க்கும் தொழிலாளர்களிடமும் விவசாயிகளிடமும் மாணவர்களிடமும் கொண்டுசெல்லும் பணியைக் கிளைகள் இப்போதே தொடங்கலாம்.