வெள்ளை இலைக்கும் சோறு போடுவது பச்சைதான்

வெண்டைச் செடியில் இலை நரம்பு மஞ்சளாக மாறினால் நாம என்ன செய்வோம்? தேமல் வந்துடுச்சுன்னு வேரோடு பிடுங்கி எரிப்போம். அப்படி வெளுத்த இலை கொண்ட ஒரு செடியை 3,500 ரூபாய் கொடுத்து வாங்கி, தினமும் துணியால் துடைத்து வளர்க்கிறவரை இந்த வருசம்தான் பார்த்தேன்.

சனிக்கிழமைதோறும் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்குக் காய்கறி கொண்டுபோகிறேன். ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் அம்மா ஒருவர், கீரைக்கட்டை வாங்கிக்கொண்டே, "அண்ணா, நீங்க விவசாயிதானே, உள்ள வந்து இந்தச் செடியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். மான்ஸ்டெரா என்று பெயர். இலை பெரிசு, ஓரம் கிழிச்ச மாதிரி இருக்கும். சாதாரணமாக முழுப் பச்சை. இது பாதி பச்சை, பாதி சுண்ணாம்பு அடித்த வெள்ளை. நர்சரிக்காரர்கள் 'வேரிகேட்டட்' என்கிறார்கள். கடைசியாக விட்ட மூன்று இலையும் சுத்த வெள்ளை. அந்தம்மாவுக்கு ஒரே சந்தோசம். எனக்குப் பயம்.

ஏன் பயம்? இலையின் பச்சையம்தான் செடிக்கு அடுப்படி. வெயிலை வைத்து அங்கேதான் சமையல் நடக்கிறது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அது சாப்பிடும், சமைக்காது. இது வெண்டைக்கு வருவதுபோல வெள்ளை ஈ கொண்டுவந்த நோய் இல்லை, பக்கத்துச் செடிக்குத் தொற்றாது. தண்டின் நுனியில் சில செல்கள் பச்சையம் உண்டாக்கும் சக்தியை இழந்து, அப்படியே பெருகுவதால் வருவது. ஒரே தண்டில் இரண்டு விதமான செல்கள் குடியிருக்கின்றன. வெள்ளையின் கை ஓங்கினால் செடி பட்டினி. பச்சையின் கை ஓங்கினால் செடி சாதாரண மான்ஸ்டெரா ஆகிவிடும்.

"வெள்ளை இலை மூன்றையும் நறுக்கிடுங்க, கீழே பச்சையும் வெள்ளையும் கலந்த கணு இருக்கு, அதிலிருந்து துளிர்க்கும்" என்றேன். அந்தம்மாவுக்கு மனசு வரவில்லை. ஒரு மாதத்தில் வெள்ளை இலைகள் ஓரத்தில் காபிக்கறை போலக் கருகத் தொடங்கின. அப்புறம்தான் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். இப்போது கலப்பு இலை ஒன்று விரிந்திருக்கிறது.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இந்தச் செடியின் சொந்த ஊர் தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள மழைக்காடு. மரத்தைப் பிடித்து ஏறும் கொடி. அதன் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நம்ம செம்மண்ணைத் தொட்டியில் அடைத்தால் இறுகிப்போய் வேர் அழுகும். தென்னை நார்த் துண்டு, கரித்துண்டு, உடைத்த செங்கல், அதோடு கால் பங்கு மண்புழு உரம் போதும். நார்க்கழிவை மூன்று முறையாவது தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும், அதில் உப்பு இருக்கும். வெளிநாட்டுக் கரிச்சதுப்பு மண்ணை 'பீட்' என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். அது சேர ஆயிரக்கணக்கான வருசம் ஆகும். பொள்ளாச்சியில் நார்க்கழிவு குவிந்துகிடக்கும்போது அதை எதற்கு வாங்க வேண்டும்?

வெளிச்சம் பச்சைச் செடிக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகத் தேவை, ஏனென்றால் சமைக்கிற இடம் குறைவு. கிழக்குப் பார்த்த ஜன்னல் உத்தமம். மதிய வெயில் நேராக விழுந்தால் வெள்ளை கருகும். சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலைப் பாறைச் சூடு உங்களுக்கே தெரியும், அப்போது ஜன்னலில் இருந்து நாலடி உள்ளே தள்ளி வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி காயும், மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றுங்கள். மெதுவாக வளரும் செடிக்கு உரமும் மெதுவாகத்தான். வயலுக்குப் பஞ்சகவ்யா 3 சதவீதம் தெளிக்கிறோம், இதற்கு 1 சதவீதம், மாதம் ஒருமுறை போதும். அன்றைக்கு மட்டும் தொட்டியை மொட்டை மாடி நிழலில் வையுங்கள், வீட்டுக்காரர் வாசனை தாங்கமாட்டார். மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்து, வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கரைத்துச் சாயங்காலம் தெளிக்கலாம். இது நம்ம சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம். இலையைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

இதுவரை செடி. இனி சொல்ல வந்தது.

இந்தக் கதையை வீட்டில் சொன்னதும் என் அக்கா மகன் பிடித்துக்கொண்டான். "மாமா, ஒரு கணு ஆயிரம் ரூபாய்னு வையுங்க. பத்து சென்ட்ல நிழல்வலை போட்டா வருசத்துக்கு எவ்ளோன்னு கணக்குப் பாருங்க. அம்மா நகையை வெச்சா முதலுக்குக் காணும்." கேட்டதும் எனக்கு 2012 ஞாபகம் வந்தது. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் எத்தனை உழவர் குடும்பங்கள் பணத்தைப் போட்டுத் தெருவுக்கு வந்தன! கோழியைச் சாப்பிட ஆள் இல்லை. அடுத்து வளர்க்க வருகிறவன்தான் வாங்குகிறவன்.

வெள்ளை இலையிலும் அதே ஆபத்து இருக்கிறது. இதன் விலை அரிது என்கிற ஒன்றின் மேல் நிற்கிறது. கணு வாங்கியவர் ஒவ்வொருவரும் இரண்டு வருசத்தில் கணு விற்கிறவர் ஆகிறார். திசு வளர்ப்புக் கூடமும் உள்ளே வந்துவிட்டது. ஜி-9 வாழை எப்படி ஊரெல்லாம் பரவியது என்று பார்த்தவர்கள் நாம். தாய்லாந்துக் கூடத்தில் உருவான 'தாய் கான்ஸ்டலேஷன்' என்கிற புள்ளி மான்ஸ்டெரா அப்படித்தான் பெருகி விலை இறங்கியது. 2021-ல் நியூசிலாந்தில் இதே வகையறாவைச் சேர்ந்த சின்னச் செடி ஒன்று 19,297 டாலருக்கு ஏலம் போனது, நம் பணத்தில் சுமார் 10 லட்சம். அந்த விலையை நம்பி யாரும் பண்ணை போட முடியாது. இன்னும் பழைய கதையும் உண்டு. நெதர்லாந்தில் கோடு போட்ட துலிப் பூவுக்கு வீட்டு விலை கொடுத்தார்கள். 1637 பிப்ரவரியில் சந்தை சரிந்தது. அந்தக் கோடு அசுவினி பரப்பிய வைரஸ் நோய் என்பது 1920-களில்தான் தெரியவந்தது.

"அப்போ இந்தத் தெருக்காரங்க காசு நமக்கு வேண்டாமா மாமா?" என்றான். வேண்டும்டா மாப்ள. ஆனால் அவர்களுக்குத் தினமும் என்ன தேவையோ அதை விற்போம். ஆசிரமத்தைச் சுற்றி வந்து தங்குகிறவர்கள் பலர் ஜன்னலில் ஒரு செடி வைக்கிறார்கள். அந்தத் தொட்டிக்கு மண் எங்கே கிடைக்கிறது? பெங்களூரிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. மண்புழு உரமும், அலசிய நார்க்கழிவும், வேப்பம் புண்ணாக்கும் நம் வீட்டிலேயே இருக்கிறது. செடியின் விலை விழுந்தாலும் தொட்டிக்கு மண் வேண்டும்.

நம் கூட்டங்களில் சிலர் "இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்கமாட்டேன். ஒரு தொட்டிச் செடி காய்வதைப் பார்த்துப் பதறுகிறவருக்கு, உழவன் ஏன் மழைக்கு ஏங்குகிறான் என்று சொல்லிப் புரியவைக்கலாம். அந்தம்மா இப்போது கீரையில் ஓட்டை இருந்தால் கேள்வி கேட்பதில்லை.

அக்கா நகை வீட்டிலேயே இருக்கிறது. பையன் ஒரே ஒரு கணு வாங்கித் திண்ணையில் வைத்திருக்கிறான், ஆசைக்கு. கூடவே இரண்டு கிலோ பைகளில் தொட்டி மண் கலந்து, என் காய்கறி வண்டியிலேயே ஏற்றுகிறான். போன சனிக்கிழமை ஆறு பை போனது. தொட்டி மண் கலவை செய்து பார்த்த உழவர்கள், என்னென்ன எந்த அளவில் சேர்த்தீர்கள், எதில் தவறினீர்கள் என்று நம் இதழுக்கு எழுதுங்கள்.