மேனேஜர் தலை உருண்டால் போதுமா?

2025 மே 22, ராத்திரி 12.30. ஹாஸ்டல் டிவி ரூமில் நாங்கள் பதினோரு பேர். ஸ்பெயினில் பில்பாவோ நகரத்தில் யூரோப்பா லீக் ஃபைனல். மான்செஸ்டர் யுனைடெட் - டாட்டன்ஹாம். இங்கிலீஷ் லீக்கில் அப்போது நாங்கள் 16-வது இடம், அவர்கள் 17. கடைசி பெஞ்ச் ஆசாமிகள் ரெண்டு பேர் மாநில அளவிலான கட்டுரைப் போட்டியில் மோதுகிற மாதிரி ஒரு மேட்ச். அதிலும் 1-0 என்று தோற்றோம்.

விசில் ஊதிய அடுத்த நொடி ரூமில் ஒரே கூச்சல். "அமோரிமை முதல்ல தூக்குங்கடா!" அதிகச் சத்தம் என்னுடையதுதான். மறைக்க விரும்பவில்லை.

சரியாக ஏழரை மாசம் கழித்து (எண்ணைக் கவனிக்கவும் :-)), 2026 ஜனவரியில் தூக்கிவிட்டார்கள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. பக்கத்துக் கட்டில் நண்பன், ஆர்சனல் ரசிகன், ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான்: "மச்சி, நம்ம மெஸ்ல ரெண்டு வருஷத்துல மூணு சமையல்காரர் மாறிட்டாங்க. சாம்பார் மாறிச்சா?"

இதை எழுதக் காரணம் அந்தக் கேள்விதான்.

எங்கள் மெஸ் சாம்பார் தண்ணியாக இருப்பதற்குச் சமையல்காரர் காரணம் இல்லை. எத்தனை கிலோ பருப்பு போட வேண்டும் என்று முடிவு செய்கிறவர் சமையலறைக்கே வருவதில்லை. ஆனால் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் திட்டு வாங்குவார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கினோம். வாழ்க்கையில் மட்டும் அம்பையே நொந்துகொண்டிருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். 2013-ல் ஃபெர்குசன் 20-வது லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு இடைக்கால ஆட்களை விட்டுவிட்டு எண்ணினாலே ஆறு மேனேஜர்கள். மோயஸுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம், பத்தே மாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வான் ஹால் 2016-ல் எஃப்.ஏ. கப் ஜெயித்தார், ரெண்டு நாளில் வேலை போனது. மொரின்யோ 2018-ல் லீக்கில் இரண்டாம் இடம், அதே வருஷம் டிசம்பரில் அவுட். சோல்ஷியார் 2021-ல் இரண்டாம் இடம், அதே வருஷம் நவம்பரில் அவுட். டென் ஹாக் 2024-ல் எஃப்.ஏ. கப் ஜெயித்தார். ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், அக்டோபரில் நீக்கினார்கள். அமோரிம் 14 மாசம்.

ஆறு பேரும் முட்டாள்களா? போர்ட்டோவில், பார்சிலோனாவில், பயர்ன் மியூனிக்கில், அயாக்ஸில், ஸ்போர்ட்டிங்கில் ஜெயித்தவர்கள் எல்லாரும் ஓல்டு டிராஃபோர்டு வாசலைத் தாண்டியதும் புத்தி மழுங்கிவிட்டதா? ஒருவர் தோற்றால் அவர் சரியில்லை. ஆறு பேர் வரிசையாகத் தோற்றால் அந்த நாற்காலியைப் போட்டவர் யார் என்று கேட்க வேண்டாமா?

போட்டவர்களைச் சொல்கிறேன். நான் பி.காம். மாணவன், இது என் பேட்டை.

2005-ல் அமெரிக்காவின் மால்கம் கிளேசர் இந்த கிளப்பைச் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கினார். பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் கணிசமான பங்கை கிளப்பின் தலையிலேயே கட்டினார். அதுவரை கடனே இல்லாத கிளப் அது. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், வாங்கப்போகிற வீட்டையே அடகு வைத்து அந்த வீட்டை வாங்கி, வட்டியைக் குடியிருப்பவர்கள் தலையில் கட்டுவது. பாடப் புத்தகத்தில் இதற்கு 'லெவரேஜ்டு பைஅவுட்' என்று கௌரவமான பெயர் இருக்கிறது. வட்டி, கட்டணம், டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து கிளப்பிலிருந்து வெளியே போனது 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அசல் அடைந்ததா? 2025-ம் வருஷக் கணக்கிலும் 65 கோடி டாலர் நீண்டகாலக் கடன் நிற்கிறது.

2012-ல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். நீங்களும் நானும் வாங்கக்கூடிய பங்குக்கு ஒரு ஓட்டு. குடும்பத்தின் கையிலிருக்கும் பங்குக்குப் பத்து ஓட்டு. இந்த ஏற்பாட்டில் மேனேஜரைத் தவிர வேறு யாரை நீக்க முடியும், சொல்லுங்கள்?

"ஆனா பிளேயர் வாங்கக் காசு கொட்டினாங்களே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொட்டினார்கள். போக்பாவுக்கு 8.9 கோடி பவுண்டு, மெக்வாயருக்கு 8 கோடி. காசு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. காசு எப்படிப் போனது என்றுதான் கேட்கிறேன்.

ஜேடன் சாஞ்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் 7.3 கோடி பவுண்டு, ஐந்து வருஷ ஒப்பந்தம். கணக்கு வழக்கப்படி இந்தத் தொகையை ஐந்து வருஷத்துக்குப் பிரித்து எழுத வேண்டும். வருஷத்துக்கு 1.46 கோடி. அவரை வாங்கிய சோல்ஷியார் நாலு மாசத்தில் போய்விட்டார். அடுத்து வந்த டென் ஹாகுக்கும் அவருக்கும் 2023-ல் முட்டிக்கொண்டது. பிறகு டார்ட்மண்டுக்குக் கடன், செல்சிக்குக் கடன், ஆஸ்டன் வில்லாவுக்குக் கடன். மேனேஜர் போய்விடுவார். அவருக்காக வாங்கிய ஆள் கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்திருப்பார். புது மேனேஜர் வந்து "எனக்கு இவர் வேண்டாம், வேற ஆள் வேணும்" என்பார். மறுபடி செக் புத்தகம். நாம் "தூக்கு, தூக்கு" என்று கத்துகிற ஒவ்வொரு தடவையும் இந்தச் செலவைத்தான் கேட்டு வாங்குகிறோம்.

நீக்குவதற்கும் செலவு உண்டு. மொரின்யோவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் 1.96 கோடி பவுண்டு. டென் ஹாக் குழுவுக்கு 1.04 கோடி. அமோரிமை ஸ்போர்ட்டிங்கிலிருந்து கூட்டி வர 1.1 கோடி யூரோ.

2024-ல் ஜிம் ராட்க்ளிஃப் கால்வாசிப் பங்கை வாங்கி, ஃபுட்பால் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். விடிவு வந்தது என்று நானும் நம்பினேன். அந்தக் கோடையில் டென் ஹாகையே வைத்துக்கொண்டு, சுமார் 20 கோடி பவுண்டுக்கு ஆட்களை வாங்கி, லீக்கில் ஒன்பதே மேட்ச் முடிந்ததும் அவரை நீக்கினார்கள். அதே வருஷம்தான் செலவைக் குறைக்கிறோம் என்று சுமார் 250 ஊழியர்களின் வேலைகளை வெட்டினார்கள். சீசன் நடுவில், மிச்சமிருந்த டிக்கெட்டுகளின் விலையைக் குறைந்தது 66 பவுண்டு ஆக்கினார்கள், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சலுகை கிடையாது. தப்பு முடிவுக்குக் கோடிகள். அதற்கு அபராதம் கட்டியது ஆபீஸ் ஊழியரும், பேரனைக் கூட்டி வரும் தாத்தாவும்.

மேனேஜர்கள் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. அமோரிம் மூன்று டிஃபெண்டர் ஆட்டத்தை விட்டு நகர மறுத்தார். 2025 ஆகஸ்டில் நாலாவது டிவிஷன் டீம் கிரிம்ஸ்பியிடம் பெனால்டியில் 12-11 என்று தோற்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் போனதற்காக நான் கண்ணீர் விடவில்லை. அவர் போனதோடு கணக்கு தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோமே, அதுதான் எரிகிறது.

பொறுமைக்கு உதாரணம் வேண்டுமா? ஃபெர்குசன் 1986-ல் வந்தார். 1989-ல் 11-வது இடம், 1990-ல் 13-வது இடம். அவரைப் போகச் சொல்லி மைதானத்திலேயே பேனர் பிடித்தார்கள் ரசிகர்கள். முதல் லீக் பட்டம் 1993-ல்தான். லிவர்பூலைப் பாருங்கள் (வயிறு எரிந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்). அங்கேயும் அமெரிக்க முதலாளிகள்தான். கிளாப் வந்த சீசன் எட்டாம் இடம். விட்டு வைத்தார்கள். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் லீக். முதலாளி எந்த நாடு என்பது பிரச்சினை இல்லை. தன் முடிவுக்குத் தானே நின்று பதில் சொல்கிறானா என்பதுதான்.

மான்செஸ்டர்க்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 2005-லேயே ஒரு கூட்டம் வெளியேறி எஃப்.சி. யுனைடெட் என்று சொந்த கிளப்பே தொடங்கியது. 2010-ல் பச்சையும் மஞ்சளும் கலந்த ஸ்கார்ஃபோடு வந்தார்கள், அது கிளப்பின் பழைய நிறம். 2021 மே மாசம் மைதானத்துக்குள் புகுந்து லிவர்பூல் மேட்சையே தள்ளிவைக்க வைத்தார்கள். அவர்கள் கேட்டது மேனேஜரின் தலையை அல்ல.

நாம்தான், எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, நடுராத்திரி அம்பைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். நமக்கு ஓட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, நம்மால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். உலகம் முழுக்க 110 கோடி ரசிகர்கள் என்று கிளப்பே சொல்லிக்கொள்கிறது. ஸ்பான்சரிடம் காட்டிக் காசு வாங்குவது அந்த எண்ணை வைத்துத்தான். அதில் இந்த ஹாஸ்டல் டிவி ரூமின் பதினோரு பேரும் அடக்கம் (ஆர்சனல்காரனையும் சேர்த்திருப்பார்கள், நம்பலாம்). அக்கவுண்டன்சியில் இதற்குப் பெயர் குட்வில். கண்ணுக்குத் தெரியாத சொத்து. அந்தச் சொத்து நாம்தான்.

சொத்து கேள்வி கேட்க ஆரம்பிக்கட்டும். அடுத்த மேனேஜர் அடுத்தடுத்து மூன்று மேட்ச் தோற்கத்தான் போகிறார். அன்றைக்கு அவர் பெயரைச் சொல்லிக் கத்துவதற்கு முன்னால், அவரை வேலைக்கு எடுத்தவர் பெயரை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நானும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நான் பிறந்ததும் 2005-ல்தான். அதாவது என் வயசும் அந்தக் கடனின் வயசும் ஒன்று. ஃபெர்குசனின் கடைசிப் பட்டத்தின்போது எனக்கு எட்டு வயசு, தூங்கிவிட்டேன். அண்ணன் எழுப்பவில்லை. அடுத்த தடவை பார்த்துக்கலாம்டா என்றான்.

இன்னும் பார்க்கவில்லை.